நாளைக்கு நீலமா, சிவப்பா?

பிரான்சில் குளிர்காலத்தில் வெப்பநிலை 1 டிகிரி இறங்கினால் நாட்டின் மின்தேவை சுமார் 2,400 மெகாவாட் ஏறிவிடும். கூடங்குளத்தில் இப்போது ஓடுகிற இரண்டு உலைகளும் சேர்ந்தே 2,000 மெகாவாட்தான். காரணம், அங்கே ஏராளமான வீடுகளில் அறையைச் சூடாக்குவதே கரன்ட்தான். 2012 பிப்ரவரி 8 மாலை தேவை 1,02,000 மெகாவாட்டைத் தொட்டது.

வருஷத்தில் இப்படிச் சில நாள் மாலைக்காக மட்டும் மின்நிலையம் கட்டிவிட்டு மற்ற நாளெல்லாம் சும்மா போட்டுவைக்க முடியுமா? அதனால் அங்குள்ள பெரிய மின் நிறுவனமான இ.டி.எஃப் ‘டெம்போ’ என்றொரு கட்டணத் திட்டம் வைத்திருக்கிறது. அதில் நாளின் நிறத்தைப் பொறுத்து யூனிட் விலை மாறும். வருஷத்தில் 300 நாள் நீலம், 43 நாள் வெள்ளை, 22 நாள் சிவப்பு. சிவப்பு நாள் நவம்பர் முதல் மார்ச் வரைதான் வரும், சனி ஞாயிறில் வராது, எந்த நாள் என்பது முந்தின நாள்தான் தெரியும். அன்றைக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை யூனிட் விலை, நீல நாளின் இரவு விலையைப் போலச் சுமார் ஐந்து மடங்கு. ஆனால் அதே சிவப்பு நாளின் இரவு விலை சாதாரணப் பகல் விலை அளவுக்குத்தான் இருக்கும். எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: உபயோகிக்காதே என்று சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளிப்போடு என்கிறார்கள்.

தள்ளிப்போட வசதியான சாதனம் வாட்டர் ஹீட்டர். 200 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 10 யூனிட் ஆகும், 2 கிலோவாட் ஹீட்டருக்கு அது ஐந்து மணி நேர வேலை. ராத்திரியில் காய்ச்சி வைத்தால் காலைக் குளியலுக்குச் சூடு தாங்கும். இதை வீட்டுக்காரர் எழுந்துபோய் ஆன் பண்ண வேண்டியதில்லை. துணைமின் நிலையத்திலிருந்து வழக்கமான 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மேலேயே 175 ஹெர்ட்ஸ் சமிக்ஞை ஒன்றை ஏற்றி அனுப்பினார்கள், வீட்டிலிருந்த ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் அதைக் கேட்டு ஹீட்டரை இயக்கியது. இப்போது அந்த வேலையை லிங்கி ஸ்மார்ட் மீட்டர் செய்கிறது. சரி, எல்லா ஹீட்டரும் ஒரே நிமிஷத்தில் ஆன் ஆனால்? அதுவே புது உச்சமாகிவிடும், அதனால்தான் விலை குறைவான சலுகை நேரம் ஊருக்கு ஊர் மாறும்.

அப்புறம் சூரிய மின்சாரம் வந்து கணக்கைக் கலைத்துவிட்டது. மதியத்தில்தான் இப்போது கரன்ட் மிஞ்சுகிறது. 2025 நவம்பர் முதல், வழக்கமான இரவுச் சலுகைக் கட்டணத்தில் இருக்கிற வீடுகளுக்கும் சலுகை நேரத்தில் ஒரு பகுதியைப் படிப்படியாகப் பகல் 11 முதல் மாலை 5-க்குள் மாற்றி வருகிறார்கள்.