யோ-யோ டயட்: சொல்லும் அதன் விடுபட்ட பாதியும்

‘எடை போட்டேன்’ என்றால் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றேன். ‘வெயிட் போட்டேன்’ என்றால் பருத்துவிட்டேன். இரண்டையும் ஒரே காலையில் செய்தவர்களுக்குரிய சொல்தான் யோ-யோ டயட். பணம் கட்டி ஒரு திட்டத்தில் சேர்வது, இளைப்பது, சந்தா முடிந்ததும் விடுவது, இறங்கியதெல்லாம் திரும்ப ஏறுவது, மறுபடி பணம் கட்டுவது என்கிற சுற்று முழுவதற்கும் அது பெயர். ஆய்வாளர்கள் ‘எடைச் சுழற்சி’ என்று சாதுவாகச் சொல்வார்கள். ஆனால் நாக்கில் நின்றது, நூலில் இறங்கி ஏறும் வட்டான யோ-யோ என்ற விளையாட்டுப் பொருளின் பெயர்தான்.

பின்பாதியை முதலில் பார்த்துவிடலாம். டயட்டுக்கு மூலம் ‘தியைத்தா’ என்ற கிரேக்கச் சொல். பொருள், வாழும் முறை. பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் அதில் உணவோடு உறக்கம், உடற்பயிற்சி, குளியல் எல்லாவற்றையும் அடக்கினார்கள். லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன பிறகு உணவு மட்டுமே மேலோங்கியது. இளைப்பதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பது என்ற பொருள் வலுத்தது இன்னும் பின்னால். 1863 இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர், சவ அடக்க ஏற்பாடு அவர் தொழில், தாம் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் குறைத்து இளைத்த கதையைச் சிறுநூலாக அச்சிட்டு முதலில் இலவசமாகவே கொடுத்தார். அவர் பெயரே வினைச்சொல் ஆனது. சுவீடிய மொழியில் டயட் இருப்பதற்கு இன்றும் ‘பான்டா’ என்றுதான் சொல்கிறார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1963 இல், ஜீன் நிடெச் நியூயார்க்கில் வெயிட் வாட்சர்ஸைத் தொடங்கினார். கட்டணம் கட்டி, வாராவாரம் கூடி, எடை பார்த்து இளைக்கும் ஏற்பாடு அதோடு பெருந்தொழிலாயிற்று.

தமிழில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்த இடம் கவனிக்கத்தக்கது. ‘டயட் இருக்கிறேன்’ என்கிறோம். விரதம் இருப்பது, பத்தியம் இருப்பது என்ற வரிசையில் டயட்டையும் சேர்த்துவிட்டோம். அந்த வரிசையில் உள்ளவை எல்லாம் முடிகிறவை. விரதம் முடியும், பத்தியம் முறியும். வாழும் முறை என்று பொருள்பட்ட சொல்லை, முடிவு நாள் உள்ள வினையோடு கட்டிவிட்டோம்.

முன்பாதி, யோ-யோ. பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கா சென்ற பெத்ரோ ஃப்ளோரஸ், 1928 இல் கலிஃபோர்னியாவில் இந்தப் பெயரில் பொம்மை செய்து விற்கத் தொடங்கினார். சொல் பிலிப்பைன்ஸ் மொழிகளுக்கு உரியது. பொம்மை வேறு பெயர்களில் அதற்கும் வெகு முந்தையது.

எனக்கு இந்த உவமையில் ஒரு சண்டை உண்டு. விரலில் நூலைக் கட்டி யோ-யோவைச் சும்மா விட்டுப் பாருங்கள். ஏறிவரும், ஆனால் கை வரை வராது. கையைத் தொடவேண்டுமானால் சுண்டவேண்டும். உடல் அப்படியில்லை. விட்ட இடத்தைத் தாண்டியும் ஏறும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனைக்காக 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். எடையில் கால்பங்கு போனது. உணவு திரும்பக் கிடைத்ததும், தடை நீங்கியவர்களுக்குக் கொழுப்பு முன்பிருந்ததையும் மிஞ்சி ஏறியது. தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்த 2016 ஆம் ஆண்டு ஆய்வில், சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்கள் உடல் சும்மா இருக்கும்போது செலவழித்த ஆற்றல், அந்த உடல்வாகுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவு. போதாக்குறைக்கு, எடை குறைந்ததும் பசி அடங்கியதைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் சரியும், பசியைக் கிளறும் கிரெலின் என்ற ஹார்மோன் உயரும். ஓராண்டு ஆனாலும் இவை பழைய நிலைக்கு வருவதில்லை. ஆக, விட்டதும் ஏறியவருக்கு மன உறுதி இல்லை என்று எடை போடுவது தவறான எடை.

நானும் இப்படியொரு திட்டத்தில் மூன்று முறை சேர்ந்தவன். மூன்றாம் முறை அதன் செயலியைத் திறந்தபோது ‘மீண்டும் வருக’ என்று திரையில் காகிதத் துணுக்குகள் பறந்தன. ‘தொடக்க எடை’ என்ற கட்டத்தில் நான் தட்டிய எண், முதல் முறை சேர்ந்தபோது தட்டியதைவிட நாலு கிலோ கூடுதல். அடுத்த கட்டம் ‘இலக்கு எடை’. அதற்கடுத்து கட்டணப் பக்கம். இலக்கை எட்டிய மறுநாள் என்ன சாப்பிடுவது என்பதற்கு எங்கும் ஒரு கட்டம் இல்லை.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? டயட்டின் பொதுப்பொருளுக்கு ‘உணவுமுறை’ போதும். இளைப்பதற்கான டயட்டுக்கு ‘உணவுக் கட்டுப்பாடு’. ‘எடை மீட்சி’ என்று யாரோ எழுதியிருந்தார்கள், வேண்டாம். மீட்சி என்றால் சிறையிலிருந்தோ கடனிலிருந்தோ வெளிவருவது. ஏறிய இடுப்புக்கு அந்த மகிழ்ச்சி எதற்கு? ‘எடை திரும்புதல்’ பேச்சுக்கு நெருக்கம். முழுச் சுற்றுக்கும் ‘ஊசல் எடை’ என்பேன். பொம்மையை விட ஊசல் நமக்குப் பழகியது. கையைத் தாண்டும் சிக்கலை அதுவும் தீர்க்காது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் செயலியில் இல்லாத கட்டத்துக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: மறுபத்தியம். பத்தியம் வடமொழி ‘பத்ய’ என்பதன் தமிழ் வடிவம். வழிக்கு ஏற்றது, உடலுக்கு ஒத்தது என்று பொருள். (செய்யுளைக் குறிக்கும் பத்தியம் வேறு சொல்.) மருந்து உண்ணும் நாளெல்லாம் பத்தியம். மருந்தை நிறுத்திய பிறகு, வழக்கமான சாப்பாட்டுக்கு ஒரேயடியாகத் தாவாமல் சில நாள் காக்கும் உணவு ஒழுங்கு மறுபத்தியம். சித்த மருத்துவத்தில் புழங்கும் சொல் இது. திட்டங்கள் ‘பராமரிப்புக் கட்டம்’ என்று எங்கோ கடைசியில் குறிப்பிடுவதற்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை. சில நாள் என்ற அளவைத்தான் எடை விஷயத்தில் ஆண்டுகளாக நீட்டவேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். இதை ‘மறுபடியும் பத்தியம்’ என்று படித்துவிடக்கூடாது. அது நான் மூன்றாம் முறை பணம் கட்டியது. இந்த ‘மறு’, மறுநாளில் வரும் மறு.