டோரன்ட் தானாக மூடிக்கொண்டால் ஆன்டிவைரஸில் கை வைக்காதீர்கள்

கோப்புகளைப் பல கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் டோரன்ட் மென்பொருள் பத்து நிமிடம் ஓடும். பிறகு எந்தச் செய்தியும் காட்டாமல் மூடிக்கொள்ளும். திறந்தால் மறுபடியும் அதே கதை. இந்தப் புகாரோடு சர்வீஸுக்கு வரும் கணினிகளில் ஒன்றைத் தவறாமல் பார்க்கலாம்: ஆன்டிவைரஸ் ஏற்கெனவே அணைக்கப்பட்டிருக்கும், அல்லது டி டிரைவ் முழுவதையும் "ஸ்கேன் செய்யாதே" பட்டியலில் சேர்த்திருப்பார்கள். அதற்குப் பிறகும் க்ராஷ் நின்றிருக்காது.

எந்த இடத்தில் இடித்தது என்பதை விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். தேதிவாரியான கட்டங்களில் சிவப்புக் குறி இருக்கும் நாளைச் சொடுக்கி, டோரன்ட் மென்பொருளின் பெயர் உள்ள வரியைத் திறந்தால் இரண்டு விவரம் கிடைக்கும்: ஃபால்ட் மாட்யூல் நேம் (இடறிய கோப்பின் பெயர்), எக்ஸெப்ஷன் கோட் (பிழையின் எண்). ஈவன்ட் வியூவரில் பார்ப்பவர்கள் விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய் 1000 என்ற எண்ணைத் தேடலாம். 1000 என்றால் க்ராஷ், 1002 என்றால் ஹேங். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மாட்யூல் இருக்கும் இடத்தில் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் கோப்போ, கிராபிக்ஸ் டிரைவரின் கோப்போ இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். டோரன்ட் மென்பொருளின் பெயரே இருந்தால் எக்ஸெப்ஷன் கோடைப் பாருங்கள். சி எழுத்து, ஆறு சுழியம், கடைசியில் 5 என்பது தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொட்டதால் வந்த முடிவு. நான்கு சுழியத்துக்குப் பிறகு 374 என்று முடிந்தால் ஹீப், அதாவது மென்பொருள் ஓடும்போது கேட்டு வாங்கிய நினைவகம், சிதைந்திருக்கிறது. ஒரே மாட்யூல், ஒரே கோடு, ஒவ்வொரு முறையும் என்றால் மென்பொருளிலோ அமைப்பிலோதான் கோளாறு. கோடும் மாட்யூலும் தினம் ஒன்றாக மாறினால், வேறு மென்பொருள்களும் அவ்வப்போது விழுந்தால், ரேமைச் சந்தேகப்படுங்கள்.

ரேமைச் சோதிக்க டோரன்ட்டே நல்ல கருவி. முழுதாக இறங்கிய ஒரு பெரிய டோரன்ட்டை நிறுத்தி வைத்து, அதன்மேல் வலது சொடுக்கி "ஃபோர்ஸ் ரீசெக்" கொடுங்கள். முடிந்ததும் மறுபடி ஒருமுறை. கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) சரிபார்க்கும் வேலை இது. கோப்பு மாறவில்லை, ஆகவே விடையும் மாறக் கூடாது. முதல் முறை 99.2 சதவீதம், அடுத்த முறை 99.7 என்று வந்தால் படிக்கும் வழியில் பிட்டுகள் புரளுகின்றன. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டிப் பார்த்து, ரேம் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிச் சோதியுங்கள். சிலசமயம் ஸ்லாட்டில் படிந்த தூசிதான் காரணமாக இருக்கும்.

க்யூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருள் வைத்திருப்பவர்கள் முதலில் டாஸ்க் மேனேஜரில் ரேம் பயன்பாட்டைப் பாருங்கள். அதன் அடியில் இருக்கும் லிப்டோரன்ட் நூலகத்தின் 2.0 வரிசை, கோப்புகளை மெமரி மேப்பிங் முறையில், அதாவது நினைவகத்தின் பகுதி போலவே வைத்து, கையாளுகிறது. பெரிய கோப்புகளோடு வேலை செய்யும்போது விண்டோஸில் ரேம் நிரம்பிக்கொண்டே போகும். 4 ஜிபி, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் திணறுவது இதனால்தான். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் "டிஸ்க் ஐஓ டைப்" என்பதை போசிக்ஸ் முறைக்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள். வேகம் கொஞ்சம் குறையலாம், ரேம் அடங்கும். லிப்டோரன்ட் 1.2 வரிசையில் கட்டிய பதிப்பை நிறுவுவது இன்னொரு வழி.

திறந்த கையோடு விழுகிறதா? கரன்ட் போய்ப் படக்கென்று அணைந்த கணினியில் இது சகஜம். பயனர் கணக்கின் லோக்கல் ஆப்டேட்டா கோப்புறைக்குள் க்யூபிட்டோரன்ட், அதற்குள் "பிடி பேக்கப்" என்று ஒரு கோப்புறை இருக்கும். ஒவ்வொரு டோரன்ட்டுக்கும் அங்கே ஒரு டோரன்ட் கோப்பும் ஒரு ஃபாஸ்ட்ரெஸ்யூம் கோப்பும் ஜோடியாக இருக்கும். மென்பொருளை முழுதாக மூடிவிட்டு அந்தக் கோப்புறைக்கு வேறு பெயர் வையுங்கள். இப்போது திறந்தால் பட்டியல் காலியாக வரும். விழாமல் நின்றால் கோளாறு ஏதோ ஒரு ஜோடியில். ஜோடிகளைப் பாதிப் பாதியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தால் கெட்டது தனியாக மாட்டும். இறங்கிய கோப்புகள் வேறு இடத்தில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

பென்டிரைவில் இறக்கும்போது 4 ஜிபியைத் தொட்டதும் நின்றால் அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆனது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் "டிஸ்க்" என்ற பெயரில் 7ஆம் எண் நிகழ்வு வந்தால் பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் ஒரு பகுதி கெட்டுவிட்டது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள். டோரன்ட் ஓடும்போது வீட்டில் மற்றவர்களுக்கும் நெட் நின்றுபோவது ரவுட்டரின் பிரச்சினை. மொத்த இணைப்பு 500, ஒரு டோரன்ட்டுக்கு 100 என்ற இயல்பு அளவை 200, 50 என்று குறைத்தால் சின்ன ரவுட்டரும் தாங்கும்.

இனி ஆன்டிவைரஸ். அது உண்மையிலேயே டோரன்ட்டோடு மோதும் இடங்கள் உண்டு. டோரன்ட் ஒரு கோப்பை வரிசையாக எழுதுவதில்லை. நடுவில் ஒரு துண்டு, கடைசியில் ஒன்று, பிறகு முதலில் என்று கோப்பைத் திறந்தே வைத்து எழுதுகிறது. அதே கோப்பை ஸ்கேன் செய்ய ஆன்டிவைரஸும் திறக்கிறது. ஒன்று இருந்தால் சமாளித்துவிடும். லேப்டாப்போடு வந்த ட்ரயல் ஒன்று, கடையில் போட்டுக்கொடுத்தது இன்னொன்று என இரண்டு இருந்தால் கோப்பு திறப்பதை இடைமறித்துப் பார்க்கும் இரண்டின் ஃபில்டர் டிரைவர்களும் ஒரே கோப்புக்கு மல்லுக்கட்டும். அன்இன்ஸ்டால் செய்தும் டிரைவர் தங்கிவிடுவது உண்டு என்பதால், அந்தந்த நிறுவனம் தரும் ரிமூவல் டூலால் நீக்குவதே முறை.

இன்னொரு மோதல், க்ராஷ் போலவே தோன்றுவது: விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்". இதைப் போட்டிருந்தால் டாக்குமென்ட்ஸ், வீடியோஸ் போன்ற கோப்புறைகளில் அறிமுகமில்லாத மென்பொருள் எழுத முடியாது. டோரன்ட் "எர்ரர்டு" என்று சிவப்பாக நிற்கும். டிஃபெண்டரின் ஆபரேஷனல் லாகில் 1123 என்ற எண் இருந்தால் இதுதான். அம்சத்தை அணைக்க வேண்டியதில்லை. சேமிக்கும் இடத்தை மாற்றினால் போதும்.

ஆன்டிவைரஸில் விலக்கு ("ஸ்கேன் செய்யாதே" பட்டியல்) கொடுத்தே ஆக வேண்டும் என்றால் குறுகலாகக் கொடுங்கள். க்யூபிட்டோரன்ட்டின் டவுன்லோட்ஸ் அமைப்பில் இன்னும் இறங்கி முடியாத டோரன்ட்டுகளுக்குத் தனிக் கோப்புறை வைக்கும் வசதி இருக்கிறது. அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் விலக்கு. முடிந்த கோப்பு விலக்கில்லாத இடத்துக்கு நகரும். அங்கே வலது சொடுக்கி ஸ்கேன் செய்த பிறகு திறக்கலாம்.

டோரன்ட் மென்பொருளே காணாமல் போனால் டிஃபெண்டரின் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைப் பாருங்கள். மியூடோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருளை டிஃபெண்டர் "வேண்டாத மென்பொருள்" வகையில் பிடிப்பது உண்டு. 2005இல் லுட்விக் ஸ்ட்ரிகியஸ் எழுதியபோது இறகு போல இருந்த மென்பொருள் அது. 2006இல் பிட்டோரன்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2015இல் அதன் இன்ஸ்டாலரோடு எபிக் ஸ்கேல் என்ற கிரிப்டோ மைனர் (கணினியின் சக்தியை எடுத்து கிரிப்டோ நாணயம் ஈட்டும் நிரல்) ஒட்டிக்கொண்டு வந்தது பெரிய சர்ச்சையானது. விளம்பரமில்லாத திறமூல மென்பொருள் இருக்கும்போது அதோடு மல்லாட வேண்டிய அவசியம் இல்லை என்பதே எங்கள் கருத்து.

நல்ல மென்பொருளும் ஏமாற்றிய நாட்கள் உண்டு. 2016 மார்ச்சில் ட்ரான்ஸ்மிஷன் என்ற டோரன்ட் மென்பொருளின் அதிகாரபூர்வ தளத்திலேயே 2.90 பதிப்பின் மேக் இன்ஸ்டாலர் மாற்றப்பட்டு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கீரேஞ்சர் என்ற ரான்சம்வேர் அதில் ஏறியிருந்தது. மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு நான்காம் நாள் கோப்புகளைப் பூட்டியது. 2018 மார்ச்சில் மீடியாகெட் என்ற டோரன்ட் மென்பொருளின் அப்டேட் வழியாக டோஃபாயில் என்ற தீநிரல் பரவி, மைனரை இறக்கியது. அன்று அந்தப் பரவலைக் கண்டு தடுத்தது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்தான். "ஆன்டிவைரஸ் எதற்கு, நான் ஜாக்கிரதையாகத்தான் இருப்பேன்" என்பவர்கள் இந்த இரண்டையும் யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் அதிகம் பேரை அழவைத்தது ஸ்டாப், அதாவது டிஜேவியூ ரான்சம்வேர். காசு கொடுக்காமல் மென்பொருளைத் திறக்க உதவும் கிராக், கீஜென் கோப்புகள்தான் அதன் வாகனம். கூட வரும் ரீட்மீ கோப்பில் "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று எழுதியிருக்கும், அணைத்துத்தான் திறப்பார்கள். விண்டோஸ் அப்டேட் நடப்பது போல ஒரு போலிச் சாளரத்தைக் காட்டிக்கொண்டே பின்னால் கோப்புகளைப் பூட்டும். பிறகு 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி. வேகத்துக்காக ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபியை மட்டுமே பூட்டுகிறது என்பதில் ஒரு சின்ன நன்மை உண்டு. டோரன்ட்டில் இறக்கிய லினக்ஸ் ஐஎஸ்ஓ போன்ற பெரிய கோப்பு என்றால், கணினியைச் சுத்தம் செய்த பிறகு, ஒட்டியிருக்கும் புது நீட்சியை நீக்கிப் பழைய பெயர் வைத்து ஃபோர்ஸ் ரீசெக் கொடுங்கள். கெட்ட முதல் துண்டு மட்டும் மறுபடி இறங்கும். கல்யாணப் புகைப்படங்களுக்கு இந்த வழி இல்லை. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட, பூட்டைத் திறக்கும் இலவச டிக்ரிப்டர் பழைய வகைகள் பலவற்றைத் திறக்கும், பிந்தையவற்றில் சிலவற்றைத்தான். இந்த ரான்சம்வேரோடு பாஸ்வேர்டு திருடும் நிரலும் சேர்ந்து வருவது வழக்கம். ஆகவே வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை வேறு கருவியில் இருந்து உடனே மாற்றுங்கள்.

எந்த ஆன்டிவைரஸ் வாங்குவது? பெரும்பாலான வீடுகளுக்கு டிஃபெண்டரே போதும், நான்கு இடத்தில் ஆன் செய்தால்: ரியல் டைம் புரொடெக்‌ஷன், க்ளவுட் புரொடெக்‌ஷன், டேம்பர் புரொடெக்‌ஷன், வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் பியூஏ அமைப்பு. கடைசியைப் பலரும் பார்ப்பதில்லை. அப்டேட் வராத விண்டோஸுக்கு எந்த ஆன்டிவைரஸும் ஈடாகாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் ஆகிய சோதனை அமைப்புகளின் முடிவுகளைப் பாருங்கள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் தருகிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பழைய கணினிக்கு மொத்தம் 18இல் எவ்வளவு என்பதைவிட வேகத்தின் 6இல் எவ்வளவு என்பது முக்கியம். சென்னையில் 1991இல் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகியவற்றுக்கு உள்ளூர்க் கடையில் உதவி கிடைப்பது ஒரு வசதி. இலவசம் என்றால் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பயனர்களின் பிரவுசிங் தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024இல் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.

எதைப் போட்டாலும் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். ஐகார் என்ற அமைப்பின் தளத்தில் 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனை வரி இருக்கிறது. தீங்கில்லாதது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோட்பேடில் ஒட்டி முதலில் டெஸ்க்டாப்பில் சேமியுங்கள், பிறகு டோரன்ட் இறங்கி முடியும் கோப்புறையில். டெஸ்க்டாப்பில் அலறிவிட்டு டி டிரைவில் பேசாமல் இருந்தால், எப்போதோ யாரோ கொடுத்த விலக்கு இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.