மராக்கேஷ் ஒப்பந்தம்: பார்வையற்ற வாசகருக்குக் கடல் கடந்து வரும் புத்தகம்

சென்னையில் ஒரு நூலகம் தமிழ் நாவல் ஒன்றை ஒலி நூலாக மாற்றி வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் பார்வையற்ற வாசகர் ஒருவருக்கு அது வேண்டும். அனுப்பலாமா? பதிப்புரிமைச் சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த எல்லையோடு நின்றுவிடுவதால், முன்பெல்லாம் நூலகர்கள் தயங்கி நின்ற கேள்வி இது. இப்போது பதில் எளிது: அனுப்பலாம். பதிப்பகத்திடம் அனுமதி வாங்கத் தேவையில்லை. அந்த உரிமையைத் தந்தது மராக்கேஷ் ஒப்பந்தம் என்ற பன்னாட்டு ஒப்பந்தம்.

நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதற்கு ஸ்பானிஷ் மொழியே சாட்சி. ஸ்பெயின் நாட்டுப் பார்வையற்றோர் அமைப்பிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் வாசிக்கத்தக்க வடிவில் இருந்தன. அதே மொழி பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளோ அவற்றில் ஒன்றைக்கூடப் பெற முடியாமல் தவித்தன. ஒரே புத்தகத்தை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக பிரெய்லில் அடிக்க வேண்டியிருந்தது. உலகில் வெளியாகும் நூல்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே பார்வையற்றோர் வாசிக்கும் வடிவில் கிடைக்கின்றன என்று உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் சொல்லிவந்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் நூல் பஞ்சம்.

2009-ல் பிரேசில், ஈக்வடார், பராகுவே ஆகிய மூன்று நாடுகளும் ஐ.நா.வின் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் இதைக் கிளப்பின. பேச்சுவார்த்தை நான்கு ஆண்டுகள் இழுத்தது. பாடகர் ஸ்டீவி வொண்டர் நேரில் வந்து நாடுகளிடம் மன்றாடினார். ஒப்பந்தம் முடிந்தால் வந்து பாடுகிறேன் என்றார், சொன்னபடியே மொராக்கோவுக்கு வந்து பாடினார். 2013 ஜூன் 27 அன்று மராக்கேஷ் நகரில் ஒப்பந்தம் நிறைவேறியது. இதற்காக ஓயாமல் உழைத்தவர்களில் ஒருவர் சென்னையில் பணியாற்றிய வழக்கறிஞர் ராகுல் செரியன். அந்த நாளைப் பார்க்க அவர் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் இறந்துவிட்டார். ஒப்பந்தத்தை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, 2014-ல். இருபதாவது நாடாக கனடா சேர்ந்த பின், 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

யாருக்கெல்லாம் இது பொருந்தும்? முழுப் பார்வையின்மை உள்ளவர்களுக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணாடி போட்டும் அச்செழுத்தைப் படிக்க முடியாதவர்கள், டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள், பக்கவாதத்தாலோ வேறு உடல் காரணத்தாலோ புத்தகத்தைப் பிடிக்கவும் பக்கம் புரட்டவும் முடியாதவர்கள், இவர்கள் எல்லோருமே பயனாளிகள்தான். ஒப்பந்தத்தில் இத்தனை சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும் என்ற அளவுகோலே கிடையாது. வழக்கமான அச்சுப் புத்தகத்தை மற்றவர்களைப்போல வாசிக்க முடியவில்லை என்பதே போதும்.

அச்சில் அல்லது இணையத்தில் வந்த எழுத்தும், அதோடு சேர்ந்த படங்களும், இசைக்குறிப்புகளும், ஒலி நூல்களும் இதில் அடங்கும். திரைப்படம் அடங்காது.

நூலகங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் நடப்பது இப்படி. ஒவ்வொரு நாட்டிலும் லாப நோக்கமில்லாமல் இந்தச் சேவையைச் செய்யும் நூலகங்களும் அமைப்புகளும் ஒப்பந்தத்தின் கீழ் அங்கீகாரம் பெற்றவை. தாங்கள் நூல் தருபவர் உண்மையில் பயனாளிதானா என்று அவை உறுதி செய்துகொள்ள வேண்டும். நூலின் படி மற்றவர்கள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படிகளை எப்படிக் கையாண்டன என்ற பதிவையும் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு செய்தால் வெளிநாட்டு நூலகத்துக்கும் அனுப்பலாம், வெளிநாட்டில் இருக்கும் வாசகருக்கே நேரடியாகவும் அனுப்பலாம். எந்த நாட்டில் எந்த நூல் தயாராக இருக்கிறது என்று தேட, ஜெனிவாவிலிருந்து இயங்கும் அணுகத்தக்க நூல்கள் கூட்டமைப்பின் பொதுப் பட்டியல் இருக்கிறது. பிரெய்ல் தாளாகவே அனுப்புவதானால், பார்வையற்றோருக்கான பொதிகளுக்கு 7 கிலோ வரை சாதாரண அஞ்சல் கட்டணம் இல்லை. விமானத்தில் போனால் அதற்கான கூடுதல் கட்டணம் மட்டும் உண்டு.

தமிழ் வாசகருக்கு இதில் பெரிய வாய்ப்பு இருக்கிறது. தமிழர் கணிசமாக வாழும் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடா எல்லாமே ஒப்பந்தத்தில் உறுப்பு நாடுகள். ஓர் ஊரில் ஒருமுறை உழைத்து மாற்றிய தமிழ் நூல் இந்த எல்லா நாட்டு வாசகர்களுக்கும் போய்ச் சேரலாம். ஸ்பானிஷ்காரர்கள் பட்ட பாட்டை நாம் படவேண்டிய அவசியமில்லை.

சரி, நூலைப் பெறுவது எப்படி? இந்தியாவில் முதல் வாசல் சுகம்ய புஸ்தகாலயா. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, இத்தகைய நூல்களைத் தயாரிக்கும் அமைப்புகளின் கூட்டமைப்பான டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா, டிசிஎஸ் மென்பொருள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து 2016 ஆகஸ்டில் தொடங்கிய இணைய நூலகம் இது. மாற்றுத்திறனாளி சான்றை வைத்துப் பதிவு செய்து, நூலை போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். பார்வையற்றோருக்கான மின்னணு நூல் வடிவமான டெய்சியில் வருவது வெறும் ஒலிப்பதிவு அல்ல. மூன்றாவது அத்தியாயம், 47-ஆம் பக்கம் என்று நேராகத் தாவலாம், விட்ட இடத்தில் தொடரலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு இந்த வசதியின் அருமை தெரியும். தேடும் நூல் அங்கே இல்லையென்றால், டெய்சி ஃபோரத்தின் உறுப்பு அமைப்பு ஏதாவது ஒன்றை அணுகி வெளிநாட்டுப் பட்டியலில் தேடித் தரச் சொல்லுங்கள். பெற்ற கோப்பை வாட்ஸ்அப்பில் பார்வையுள்ள நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். இந்த ஏற்பாடே அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது.

சட்டம் வழி விட்டாலும், கொடுக்க நூல் இருந்தால்தானே பரிமாற்றம்! தமிழில் மாற்றி முடித்த நூல்கள் தேவைக்கு மிகக் குறைவு. காரணம் பணம் மட்டுமல்ல. பழைய பக்க வடிவமைப்புக் கோப்புகள் பலவும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. திரையில் அழகாகத் ‘தமிழ்’ என்று தெரியும் சொல்லை, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்றுதான் பார்க்கும். முழு நூலையும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி, தலைப்புகளைக் குறித்த பிறகுதான் அது வாசிக்கத்தக்க நூல் ஆகும். பதிப்பகங்கள் புத்தகம் அச்சுக்குப் போகும்போதே யூனிகோடு கோப்பு ஒன்றை இந்த அமைப்புகளுக்குக் கொடுத்தால், வாரக்கணக்கான வேலை மிச்சமாகும். சட்டம் அவர்களை இதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் எழுத்தாளர்கள் தங்கள் பதிப்பாளரிடம் இதைக் கேட்க வேண்டும் என்பது என் வலுவான விருப்பம்.

உங்கள் ஊர் நூலகத்திலோ கல்லூரியிலோ ‘பதிப்புரிமைச் சிக்கல் வரும்’ என்று மறுத்தால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(இசட்பி)-ஐக் காட்டுங்கள். 2012 திருத்தத்தில் வந்தது இது. மாற்றுத்திறனாளிக்காக லாபமின்றி, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு, எந்த நூலையும் வாசிக்கத்தக்க வடிவுக்கு மாற்றலாம் என்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களும் நூலகங்களும் அந்தப் பிரிவில் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. வாய்மொழியாகக் கேட்பதோடு விடாமல், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.