ஊசிக்குப் பிறகு பேசினான், சரி. ஊசியாலா பேசினான்?

சென்ற வாரம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலரை வயது, ஆட்டிசம். இரண்டு மாதமாக ஸ்பீச் தெரபிக்கு வரவில்லை. பையனின் சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பின் பின்பக்கம் ஊசி குத்திய இடம் இன்னும் கறுத்திருந்தது. எலும்பு மஜ்ஜையை எடுத்து முதுகுத்தண்டில் ஏற்றும் ஸ்டெம் செல் (மூல உயிரணு) சிகிச்சையாம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மாவின் மாலையும் வளையலும் அடகில்.

"ஊசி போட்ட பொறவு ரெண்டு தடவ அம்மான்னு விளிச்சான் டீச்சர்."

அவன் ஃபைலைத் திறந்தேன். ஊசிக்கு ஆறு வாரம் முன்பே என் கையெழுத்தில் இருக்கிறது: 'சிப்ஸ் டப்பாவைக் கையில் வைத்துக் காத்திருந்தால் "ம்மா" வருகிறது. இன்று இரண்டு முறை.' அதை வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்த வருடம் இது நாலாவது குடும்பம்.

ஆட்டிசம் உள்ள குழந்தை அப்படியே நின்றுவிடுவதில்லை. சில மாதம் ஒன்றுமே இருக்காது, பிறகு சட்டென்று இரண்டு படி ஏறும். போன கிறிஸ்துமசுக்கு வெடிச்சத்தம் கேட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்தவன் இந்த வருடம் வாசல்வரை வருவான். அந்த நேரத்தில் எந்த மருந்து கொடுத்திருந்தாலும் பெயர் மருந்துக்குத்தான் போகும். 1999-இல் அமெரிக்காவில் செக்ரிட்டின் என்ற ஹார்மோன் ஊசி ஆட்டிசத்துக்கு உதவுமா என்று சோதித்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு கூட்டமும் ஒரேபோல முன்னேறின. உப்புநீர் ஏற்றிய பிள்ளையும் முன்னேறியது! முடிவைச் சொன்ன பிறகும் பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஊசியை விட்டுவிட மனமில்லாமல் இருந்தார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. அதை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது.

ஸ்டெம் செல்லும் அப்படித்தான். ஸ்டெம் செல் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றி, 180 குழந்தைகளை வைத்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் நடத்திய சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. பிறரோடு பழகும் திறனில் மருந்துக்கும் போலி மருந்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆட்டிசத்துக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது. "ஆராய்ச்சிதான் செய்கிறோம்" என்பார்கள். ஆராய்ச்சி என்றால் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. ரசீது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி மட்டுமல்ல. ஆட்டிசம் தீர உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று ட்ரிப்ஸ் ஏற்றியதில், 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் கால்சியம் சரிந்து இறந்துபோனான். ஆட்டிசத்துக்கென்று விற்கும் குளோரின் டை ஆக்சைடு சொட்டு என்பது துணி வெளுக்கிற ப்ளீச் இனம். பிள்ளையின் வாயில் ஊற்றாதீர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுத்துவிட்டீர்களா? 2016 சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவிலும் ஒரு பங்கு வரும்.

ஏற்கெனவே ஊசி போட்டுவிட்டவர்களை நான் திட்டமாட்டேன். ஆனால் கையில் காசில்லை என்று வெட்கப்பட்டுத் தெரபிக்கு வராமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள், ஏதாவது வழி பார்க்கலாம். அந்த அம்மாவுக்குத் திங்கள் காலை 10 மணி குறித்துக் கொடுத்திருக்கிறேன். ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கி டப்பாவை நிரப்பி வைத்தாயிற்று.