ப்ளூபிரிண்டை ஆப்ப சோடாவில் நனைக்காதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் எம்1903 ரைஃபிளில் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் என்ற பாகத்தின் டிராயிங், நீலத்தில் வெள்ளைக் கோடாக விழுந்த அந்தக் காலத்து ப்ளூபிரிண்ட் தாள். நல்ல விலை கொடுத்து வாங்கியவர், "பழைய காகிதத்தில் அமிலம் இருக்கும், எடுத்துவிட வேண்டும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்திருக்கிறார். என் மேஜைக்கு வந்தபோது நீலம் போய், தாள் வெளிறிய மஞ்சளாக இருந்தது. கோடும் இல்லை, அளவும் இல்லை. காகிதப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் என்னிடம் இதற்கு மருந்து கிடையாது.

அமிலம் காகிதத்துக்குக் கெடுதல் என்பது சரிதான். ஆனால் ப்ளூபிரிண்டின் நீலம் வேறு சமாச்சாரம். அது பிரஷ்யன் நீலம், இரும்பு உப்பிலிருந்து வருவது. லேசான அமிலம் அதை ஒன்றும் செய்யாது. காரம் பட்டால் சிதைந்துவிடும். ஆப்ப சோடா, சலவை சோடா, சோப்பு எல்லாமே காரம்தான். கடையில் 'ஆசிட் ஃப்ரீ' என்று விற்கும் ஃபோல்டர்களிலும் பலவற்றில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள், அதுவும் காரம்தான். மற்றக் காகிதங்களுக்கு நல்லது, இதற்கு ஆகாது. கால்சியம் கார்பனேட் சேர்க்காத ஃபோல்டர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

அந்தக் காலத்து டிராஃப்ட்ஸ்மேன்களுக்கு இது நன்றாகவே தெரியும். ப்ளூபிரிண்டில் திருத்தம் எழுத வேண்டுமென்றால் சோடாக் கரைசலில் பேனாவைத் தோய்த்து எழுதுவார்கள். பட்ட இடத்தில் நீலம் அழிந்து வெள்ளை எழுத்து வரும். அச்சில் விழுந்த கோடு கூர்மையாக இருக்கும். சோடாவில் எழுதியது சற்றுத் தடித்து, ஓரம் கசிந்திருக்கும். லென்ஸில் பாருங்கள், எந்த அளவைப் பின்னால் மாற்றினார்கள் என்று தெரிந்துவிடும். அவர்கள் பேனா முனையால் தொட்டு எழுதிய சோடாவை நீங்கள் வாளி வாளியாக ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. நீலத் தாள் கையால் வரைந்ததல்ல, அது பிரதி. ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்த முறை. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் செய்த அதே ரைஃபிளை இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்ட் ஆயுதச்சாலையிலும் செய்தார்கள். இங்கே கடைந்த பாகம் அங்கே பொருந்த வேண்டுமானால் இரண்டு இடத்திலும் ஒரே டிராயிங் இருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பிரதிகள். கை வேலை என்பது பெரும்பாலும் கஞ்சி போட்ட டிரேசிங் துணியில் மசியால் வரைந்த மூலம்தான். அது கிடைத்தால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கத்தியால் சுரண்டித் திருத்திய இடம் பளபளப்பில்லாமல் தெரியும். வளைவும் நேர்கோடும் சேரும் இடத்தைத் தேடுங்கள்: வளைவை முதலில் இழுத்து, நேர்கோட்டை அதில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நல்ல கையாக இருந்தால் இணைப்பே தெரியாது. அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு என்று அளவு குறித்த டிராயிங்கில் அப்படி ஒரு கை! எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

துணியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது, கஞ்சி கரைந்து வெள்ளைத் திட்டு விழும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செல்லோ டேப்பும் வேண்டாம். வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நல்ல நகல் எடுத்து அதை மாட்டுங்கள். வெளிச்சத்தில் வெளுத்த நீலம் இருட்டில் ஓரளவு திரும்பும், அதை நம்பி இருக்காதீர்கள். டயஸோ பிரதிகளை (வெள்ளைத் தாளில் நிறக் கோடாக விழும் வேறு வகை நகல்) ப்ளூபிரிண்டோடு சேர்த்து அடுக்காதீர்கள். ஓரத்தில் இருக்கும் சிவப்புப் பென்சில் குறிப்பையும் எண்ணெய்க் கைரேகையையும் அழுக்கென்று துடைக்காதீர்கள், பட்டறையில் அந்தத் தாளை வைத்து வேலை செய்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

சுருண்ட தாளை இழுத்து விரிக்காதீர்கள். உருளையில் இழுக்கும் ஸ்கேனரில் விடாமல், தட்டையாக வைத்து மேலிருந்து படம் எடுங்கள். மடிப்பில் கிழிசல் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு எங்களைப் போன்றவர்களைக் கேளுங்கள். தயவுசெய்து, தண்ணீரில் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.