ஈரம் பிடிக்கும், தண்ணீர் வழுக்கும்

அக்கா மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்குத் திருவையாறு வந்தபோது அவன் பெட்டியில் கறுப்பாக ஒரு ரப்பர் உடுப்பு இருந்தது. ஜூலையில் ரோத் என்ற ஊரில் நடக்கும் டிரையத்லானுக்குப் பேர் கொடுத்திருக்கிறானாம். முதலில் கால்வாயில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், அப்புறம் 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலுக்குத்தான் குளிர் தாங்கும் இந்த வெட்சூட். "நீந்தப் பயமில்லை மாமா, இதை மாட்டிக் கழற்றத்தான் பயம்" என்றான். மேட்டூரை மூட இன்னும் இரண்டு வாரம் இருந்தது, ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சரி, வா மாப்ளே என்று படித்துறைக்குக் கூட்டிப்போனேன்.

முதல் தவறு அங்கேயே நடந்தது. பையன் ஆற்றில் காலை நனைத்துவிட்டு வந்து, துண்டால் ஒப்புக்குத் துடைத்துவிட்டு, உடுப்புக்குள் காலை விட்டான். கெண்டைக்காலோடு சரி, அதற்கு மேல் ஏறவில்லை.

லேசான ஈரத்தில் தோல் மிருதுவாகி ரப்பரோடு அதிக இடத்தில் ஒட்டும், உராய்வு கூடும். காய்ந்த தோலில் உராய்வு அதைவிடக் குறைவு. தண்ணீர் தாராளமாக இருந்தாலோ, தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு நீர்ப்படலம் நின்று இரண்டையும் பிரித்துவிடும். அப்போது வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீர் நிற்கும் நடவு வயலில் கால் சுலபமாக வெளியே வரும். தண்ணீர் வடிந்து சேறு இறுகத் தொடங்கினால் செருப்பை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். காரணம் முழுக்க ஒன்றல்ல, ஆனால் கால் படும் பாடு ஒன்றுதான்.

ஆகவே, போடும்போது உடம்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பாதத்தில் ஒரு பாலிதீன் பையை மாட்டிக்கொண்டால் இன்னும் எளிது. தமிழ்நாட்டில் 2019-லேயே தடை செய்த சாமான்தான், ஆனாலும் எந்த வீட்டு அலமாரியில் தேடினாலும் ஒன்று அகப்படும். பைக்கு மேல் ரப்பர் சறுக்கி வந்துவிடும். கால் வெளியே வந்ததும் பையை உருவி அடுத்த காலுக்கு மாட்டலாம்.

அதற்கு மேல் பாவாடைக்கு நாடா கோர்க்கிற வேலை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நடக்காது. இடுப்பில் பிடித்து இழுக்கும் விசையை வழி நெடுக உராய்வு தின்றுவிடும். கணுக்கால்வரை எதுவும் போய்ச் சேராது, மேலே உள்ள ரப்பர்தான் நீளும். கீழே கொஞ்சம் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை மேலே தள்ளி, மறுபடி கீழே வர வேண்டும். கவட்டியில் உடுப்பு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்த பிறகுதான் கைகளுக்குப் போகலாம். நான்கு விரல் அளவு தொங்கவிட்டால்கூட, அந்தக் குறையைத் தோள் கொடுக்க வேண்டியிருக்கும். கையைத் தூக்கும்போதெல்லாம் மார்பிலிருந்து கவட்டிவரை ரப்பரை இழுத்தாக வேண்டும். 3.8 கிலோமீட்டருக்குக் கை வீச்சு ஆயிரக்கணக்கில் வரும். தோளில் ரப்பர் சற்று மடிந்து கிடந்தால் நல்லது. ஜிப் முதுகுப்பக்கம் வரும். அதைத் தானே இழுத்துக்கொள்ள நீளமாக ஒரு கயிறு இருக்கிறது. முன்பக்கம் ஜிப் வைத்துப் போட்டுப் பார்த்ததை இங்கே எழுதக் கூடாது என்று மாப்பிள்ளையின் உத்தரவு.

இவ்வளவு இறுக்கம் எதற்கு? உடுப்புக்குள் புகுந்து உடம்புச் சூட்டில் சூடேறும் தண்ணீர்தான் குளிரைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய வேலையைச் செய்வது நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் நுரைக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். தண்ணீர் காற்றைப்போல் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற காற்றறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பொடி வடிவம் இது. வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்களுக்கு மிதப்பையும் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் தடித்தால் மிதப்பு கூடும் என்பதால், அது 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று போட்டி விதியே உண்டு. நனைந்தாலும் பரவாயில்லை, குமிழி போதும் என்று 1950களின் தொடக்கத்தில் கண்டுகொண்டவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். அதற்கு முன் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். உடுப்பு தொளதொளவென்று இருந்தால் உள்ளே புகும் தண்ணீர் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும், வெப்பத்தையும் கொண்டுபோய்விடும்.

நம் ஆற்றுக்கு இது அநியாயம். தை மாதக் காலையிலும் பத்து நிமிடத்தில் பையன் முகம் சிவந்துவிட்டது, வெளியே வரச் சொன்னேன். இதே தூரத்துக்கு நடக்கும் அயர்ன்மேன் என்ற டிரையத்லான் போட்டிகள் பலவற்றில், தண்ணீர் 24.5 டிகிரியைத் தாண்டினால் வெட்சூட் போட்ட சாதாரணப் போட்டியாளருக்குப் பரிசு கிடையாது, 28.8-ஐத் தாண்டினால் யாரும் போடவே கூடாது.

கழற்றுவதில் கணக்கு தலைகீழ். இங்கே தண்ணீர்தான் நண்பன். கரையேறும் முன் கழுத்தை விரித்து ஒரு வாய் தண்ணீரை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும். ஏறியதும் ஜிப்பை இறக்கி, ஓடிக்கொண்டே இடுப்புவரை உள்வெளியாக உரித்துவிட வேண்டும். நின்று மூச்சு வாங்கினால் தண்ணீர் வடிந்து மறுபடி பழைய ஈரம், பழைய பிடி. சைக்கிள் நிற்கும் இடத்தில் தொடைக்குக் கீழே தள்ளி, ஒரு காலால் ரப்பரை மிதித்து மற்ற காலை உருவினால் வந்துவிடும். கணுக்காலில் முன்பே தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குப் பசை தடவியிருந்தால் குதிகால் மாட்டாது. வாசலின் வேண்டாம், பெட்ரோலியப் பொருள் ரப்பருக்கு ஆகாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். முதல் தடவை நான்கு நிமிடம் ஆனது, சாயங்காலத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு வந்துவிட்டான்.

இடையில் ஒரு சேதம், அது என்னால். வெளிப்பக்க ரப்பர் மழமழப்பாக இருந்தாலும் மகா மெலிசு. விரல் நுனிச் சதையால் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். நானோ வெற்றிலைக் காம்பு கிள்ளும் கட்டைவிரல் நகத்தால் பிடித்துவிட்டேன். தொடையில் பிறை வடிவில் ஒரு வெட்டு. ஜெர்மனியில் இதற்கென்று தனிப் பசை விற்கிறதாம். பேருந்து நிலையத்தருகே செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனோம். வெட்டின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் பசையைத் தடவி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை ஊதி, அப்புறம் சேர்த்து அழுத்தினார். செருப்புக்குப் போடும் அந்தப் பசையிலும் பெரும்பாலும் இருப்பது அதே நியோபிரீன்தான்.