கேமராவுக்குக் கவனம் கிடையாது: 'குவியம்' என்னும் சொல் பற்றி

புதிதாக ஒரு டிஜிட்டல் ஜூம் கேமரா வாங்கிய என் மாணவர் ஒருவர், சென்ற தைப்பூசக் காவடியன்று மொரீசியசின் கோர் தெ கார்த் மலையடிவாரத்தில் எடுத்த படங்களை அடுத்த சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் ஒரே குறை இருந்தது: காவடி சுமப்பவரின் முகம் மங்கியிருக்க, அவருக்குப் பின்னால் நின்ற மரத்தின் இலைகள் நரம்பு தெரியும் அளவுக்குத் தெளிவாக விழுந்திருந்தன. முகத்தில் குவியத்தை, அதாவது ஆங்கிலத்தில் 'ஃபோகஸ்' என்பதை, பொருத்தி அங்கேயே நிறுத்திவைக்கும் வசதி கேமராவில் உண்டே, அதைப் பயன்படுத்தவில்லையா என்று கேட்டேன். தமிழில் படித்துப் பழக வேண்டும் என்ற ஆவலில் இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்த தமிழ்க் கையேட்டை அவர் எடுத்துக் காட்டினார். அதில் அந்த வசதிக்குக் "கவனப் பூட்டு" என்று பெயரிட்டிருந்தார்கள். "கவனம் என்றால் எச்சரிக்கை என்றுதானே, ஐயா, நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள்? கேமராவுக்கு ஏதும் கெடுதல் வராமல் காக்கிற பூட்டு என்று நினைத்து நான் அதைத் தொடவே இல்லை" என்றார்.

அவர்மேல் பிழை சொல்ல முடியாது. சொல்லை அதன் பொருளறிந்து படித்திருக்கிறார். பொருளறியாமல் எழுதியவர் மொழிபெயர்த்தவரே. அதே கையேட்டில் "தானியங்கு கவனம்", "கைமுறைக் கவனம்", "கவனம் இல்லாத படம்" என்று பக்கத்துக்குப் பக்கம் கவனமே நிறைந்திருந்தது. இந்தப் பெயர்ப்பைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு பிள்ளையின் காவடி நாள் படங்களை அது கெடுத்துவிட்ட பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

மூலச் சொல்லின் வரலாறு சுருக்கமானது. 'ஃபோகஸ்' என்பது இலத்தீன் மொழியில் வீட்டு அடுப்பைக் குறித்த சொல். வானியலாளர் கெப்ளர் 1604இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் அச்சொல்லை அறிவியல் கலைச்சொல்லாக ஆண்டார். குழியாடியோ கண்ணாடி வில்லையோ ஞாயிற்றின் கதிர்களை ஒரு புள்ளியில் சேர்க்கும்போது அங்கே பஞ்சு பற்றிக்கொள்ளும் என்பது பழங்காலத்திலிருந்தே அறியப்பட்டதுதான். எரியும் இடம் என்பதால் அடுப்பு என்ற பெயர் அதற்குப் பொருந்தியது. மொரீசியசில் வாழும் நமக்கு இந்தச் சொல் அயலானதும் அன்று. பிரெஞ்சில் நெருப்பைக் குறிக்கும் 'ஃபே' அந்த இலத்தீன் அடுப்பிலிருந்து வந்ததே. நம் வீடுகளில் கிரியோலில் நெருப்பை 'திஃபே' என்று சொல்கிறோமே, அதுவும் அதன் பேரப்பிள்ளைதான். மனிதரின் கவனத்தை அச்சொல் குறிக்கத் தொடங்கியது பின்னாளில், உவமையாக.

தமிழில் இதற்கு நெடுங்காலமாக வழங்கும் கலைச்சொல் 'குவியம்'. குவிதல் என்பது பரந்து கிடப்பவை ஓரிடத்தில் வந்து கூடுதல். களத்தில் நெல் குவிகிறது. மாலையில் தாமரையின் இதழ்கள் குவிகின்றன. சன்னிதியில் கைகள் குவிகின்றன. கதிர்கள் குவியும் புள்ளி குவியம். லென்ஸிலிருந்து அதன் தொலைவு குவியத் தொலைவு. தமிழ்நாட்டு, இலங்கைப் பாடநூல்கள் இரண்டிலும் குவியம் என்னும் சொல்லே இருக்கிறது. கலைச்சொற்களில் இருநாட்டு நூல்களும் அடிக்கடி வேறுபடுவதை அறிந்தவர்களுக்கு இந்த ஒற்றுமையின் அருமை தெரியும்.

அப்படியிருக்க, கவனம் எங்கிருந்து நுழைந்தது? ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. கதிர்கள் கூடும் புள்ளிக்கும், லென்ஸை முன்பின் நகர்த்திப் படத்தைத் தெளிவாக்கும் செயலுக்கும், மனம் ஒன்றில் நிலைப்பதற்கும் அதுவே பெயர். அகராதியைத் திறந்த மொழிபெயர்ப்பாளருக்கு, அல்லது அவர் நம்பியிருந்த கணிப்பொறிக்கு, மூன்றாவது பொருள் முதலில் அகப்பட்டது போலும். எந்தப் பொருள் இங்கே பேசப்படுகிறது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இதற்கு அந்தக் கையேட்டிலேயே சான்று உண்டு. லென்ஸின் அளவைச் சொல்லும் அட்டவணையில் "குவிய நீளம்" என்று சரியான வேரிலிருந்து எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் அந்த லென்ஸ் செய்யும் வேலையைக் கவனம் என்கிறார்கள். குவிய நீளத்துக்கும் கவனத்துக்கும் உறவு உண்டு என்பதைத் தமிழில் மட்டும் படிப்பவர் எப்படி அறிவார்?

கவனம் என்ற சொல்லுக்காக வாதாடுவோர் சொல்வது, அது எல்லோருக்கும் எளிதில் விளங்கும், குவியம் பள்ளிக்கூட வாடை அடிக்கிறது என்பது. எளிமை பெரிது என்பதை நானும் ஏற்கிறேன். தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுப்பவன் அல்லன். கேமரா, லென்ஸ் என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எளிதில் விளங்குவது என்றால் சரியான பொருள் எளிதில் விளங்க வேண்டும். கவனம் என்பது உயிருள்ளவரின் மனத்தொழில். கேமராவுக்கு மனம் இல்லை. தானாகக் குவியம் பொருத்தும் முதல் கேமராவாகப் பெருமளவில் விற்பனைக்கு வந்த கோனிக்கா சி35 ஏஎஃப், 1977ஆம் ஆண்டினது. அன்று முதல் இன்றுவரை இக்கருவிகள் செய்வது அளவீடுதான். இப்போதைய சிறிய ஜூம் கேமராக்களில் பல, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு எந்த நிலையில் மிகுதியாக இருக்கிறதோ அந்த நிலையில் நிறுத்திக்கொள்கின்றன. பின்னணியில் வெயில் பட்ட இலைகளில் வேறுபாடு மிகுதி. மஞ்சளும் திருநீறும் பூசி நிழலில் நின்ற முகத்தில் குறைவு. ஆகவே கேமரா இலையைத் தேர்ந்தது. "கேமராவின் கவனம் சிதறியது" என்று ஒருவர் இதை விளக்கினால், கேட்பவர் அடுத்த முறை என்ன செய்வார்? தாம் இன்னும் கவனமாக இருக்க முயல்வார். படம் மறுபடியும் மங்கும். குவியம் இலையில் விழுந்தது என்று சொன்னாலோ, அதை முகத்துக்கு நகர்த்த வேண்டும் என்பது சொல்லிலிருந்தே தெரிந்துவிடும்.

இன்னொன்று, கவனம் என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. படிக்கட்டில் ஈரம் இருந்தால் "கவனம்" என்கிறோம். பிள்ளை சாலையைக் கடக்கும்போது "கவனம்" என்கிறோம். கருவிகளின் கையேட்டில் அந்தச் சொல்லை எச்சரிக்கைக்கு ஒதுக்கி வைப்பது மிகத் தேவை. அந்தக் கையேட்டின் ஒரு பக்கத்தில் "கவனம்: மின்கலத்தைத் தீயில் இடாதீர்" என்றும், மறுபக்கத்தில் "கவனம்: பொத்தானைப் பாதி அழுத்தவும்" என்றும் இருந்தது. இரண்டையும் ஒருவர் ஒன்றாகக் கருதினால் வியப்பதற்கில்லை. பேச்சுத் தமிழ் வீட்டில் அருகிப்போய், எழுத்தின் வழியாகவே மொழியைக் கற்கும் நம் தீவுப் பிள்ளைகளுக்கு, சூழலை வைத்து ஊகித்துக்கொள்ளும் வசதியும் குறைவு. அவர்கள் சொல்லை நம்பித்தான் நடக்கிறார்கள்.

கவனத்தை விட்டு வேறு சொற்களைத் தேடியவர்களும் நன்றாகத் தேடவில்லை. 'குவிமையம்' என்று சிலர் எழுதுகிறார்கள். வேர் சரிதான், ஒட்டிக்கொண்ட மையம்தான் கெடுக்கிறது. குவியம் படச்சட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. ஆனால் இச்சொல்லைப் படித்தவர்கள் எல்லா முகங்களையும் நட்டநடுவில் வைத்துப் படமெடுப்பதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். 'ஒருமுகப்படுத்தல்' என்பது தியானத்துக்கு நல்ல சொல். குடும்பப் படம் எடுப்பது பற்றிய குறிப்பில் "ஒருமுகப்படுத்தவும்" என்று எழுதினால், ஒரு முகத்தை மட்டும் எடுக்கச் சொல்கிறார்களா என்ற ஐயம் எழும்.

'ஃபோகஸ்' என்றே எழுதிவிடலாமே என்பாரும் உண்டு. பேச்சில் அதை நான் தடுப்பதில்லை. ஆனால் ஆங்கிலச் சொல்லில் இருக்கும் மூன்று பொருள் மயக்கமும் அதனோடு சேர்ந்தே வந்துவிடும். பிரெஞ்சு அறிந்த நமக்கு அந்த மயக்கத்தைச் சுமக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரெஞ்சில் கதிர்கள் கூடும் புள்ளி 'ஃபுவாயே'. அதைப் பொருத்தும் செயல் 'மீஸ் ஓ புவேன்', அதாவது புள்ளிக்குக் கொண்டுவருதல். விளைந்த படம் தெளிவாயிருந்தால் 'நெத்', மங்கியிருந்தால் 'ஃப்ளூ'. நான்கு பொருளுக்கு நான்கு சொல். சென்னையில் இருந்து ஆங்கிலத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாத வேறுபாடு, போர்ட் லூயிசில் படக்கடை வைத்திருப்பவருக்கு இயல்பாகத் தெரிகிறது. இந்தப் பகுப்பைத் தமிழிலும் செய்துகொள்வதே முறை.

புள்ளிக்குக் குவியம் இருக்கிறது. செயலுக்குத்தான் சொல் தடுமாறுகிறது. 'குவியப்படுத்துதல்' என்கிறார்கள், 'படுத்து' என்ற துணைவினையை எதனோடும் ஒட்டிவிடும் இக்கால வழக்கம் எனக்கு உவப்பில்லை. நான் வகுப்பில் சொல்லிவருவது 'குவியம் கூட்டுதல்'. வீணையின் சுருதியை நரம்பை முறுக்கி, தளர்த்தி, கேட்டுப் பார்த்துச் சரியான இடத்தில் நிறுத்துவதைச் 'சுருதி கூட்டுதல்' என்கிறோம். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தன் இடத்தைக் கண்டுகொள்வதும் அதே வகை வேலைதான். பொங்கலன்று மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டுகிறோம் என்பதையும், மூலச் சொல்லின் பொருள் அடுப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த வினை இங்கே தானாக வந்து அமர்ந்ததாகவே எனக்குப் படுகிறது.

இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இதற்கு ஒரு தடை சொன்னார். மிகத் தொலைவிலுள்ள பொருளின் படம்தான் குவியத்தில் சரியாக விழும். அருகிலுள்ள பொருளின் படம் அதற்குச் சற்றுப் பின்னால் தள்ளி விழும். அதனால்தான் லென்ஸை நகர்த்த வேண்டியிருக்கிறது. ஆகவே குவியம் கூட்டுதல் என்பது இயற்பியல்படி முழுக்கச் சரியன்று என்றார். அவர் சொன்ன இயற்பியல் சரி. ஆனால் அந்தப் பொருளிலிருந்து வரும் கதிர்களும் தமக்குரிய ஓரிடத்தில் குவியத்தான் செய்கின்றன. குவி என்ற வேர் அந்த இடத்தையும் தாங்கும். கவனம் இரண்டில் எதையும் தாங்காது.

"கவனம் இல்லாத படம்" என்ற தொடரின் தீங்கு இன்னும் பெரிது. மங்கிய படங்கள் அனைத்தையும் அது ஒரே பெயருக்குள் அடைத்துவிடுகிறது. மாணவரின் அடுத்த படத்தொகுப்பைப் பார்த்தபோது இது தெளிவாயிற்று. வீட்டு வேலியில் அமரும் கொண்டைப் பறவையை, அதாவது இங்கே 'கோந்தே' என்றும் தமிழ்நாட்டில் செம்மீசைச் சின்னான் என்றும் சொல்லப்படுவதை, அவர் பல முறை எடுத்திருந்தார். (கோந்தே என்ற பெயரில் நம் கொண்டை ஒலிப்பதாகவே என் காதுக்குப் படுகிறது.) ஒரு படத்தில் வேலிக்கம்பி தெளிவாகவும் பறவை மங்கலாகவும் இருந்தது; அது குவியம் தவறியது. இன்னொன்றில் எல்லாமே ஒரு திசையில் இழுபட்டிருந்தன. அது கை நடுக்கம். 600 மில்லிமீட்டர் குவியத் தொலைவுக்கு நிகராக ஜூமை நீட்டினால், நடுக்கம் தடுக்கும் வசதி இல்லாத நிலையில், ஒளி விழும் நேரம் ஒரு நொடியில் 600இல் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பழைய படப்பிடிப்பாளர் கணக்கு. மூன்றாவது படத்தில் இறகுகள் சாயம் பூசியது போலத் திட்டுத்திட்டாக இருந்தன. அது டிஜிட்டல் ஜூமின் வேலை. அங்கே லென்ஸ் எதையும் அருகில் கொண்டுவருவதில்லை. விழுந்த படத்தின் நடுத்துண்டை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. 4 மடங்கு டிஜிட்டல் ஜூம் என்றால் புள்ளிகளில் 16இல் ஒரு பங்குதான் மிஞ்சும். 16 மெகாபிக்சல் கேமரா ஒரு மெகாபிக்சல் ஆகிவிடும். முதல் குறைக்குக் குவியத்தைக் கூட்ட வேண்டும், இரண்டாவதற்குக் கேமராவை எதன்மீதாவது ஊன்ற வேண்டும், மூன்றாவதற்கு அந்த வசதியை அணைத்துவிட்டு நாலடி முன்னே நடக்க வேண்டும். மூன்றுக்கும் "கவனம் இல்லை" என்று சொல்லும் கையேடு ஒன்றுக்கும் உதவாது.

மொழிபெயர்ப்போர் ஒருமுறையேனும் கருவியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதினால் இந்நிலை வராது. தமிழ் இருக்கிறது என்று காட்டுவதற்காகத் தமிழை வைக்கும் பழக்கம் பெருகிவிட்டது. நம் நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் வரியின் இடம் 1998இல் கீழே இறக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால் அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டன. இடத்துக்காக அவ்வளவு உறுதியாக நின்ற நாம், அந்த இடத்தில் எழுதப்படும் சொல் பொருள் தருகிறதா என்பதிலும் அதே உறுதியோடு நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கையேட்டின் அந்தப் பக்கத்தை மாணவருக்காக இப்படித் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: "எடுக்க விரும்பும் முகத்தைச் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, பொத்தானைப் பாதி அழுத்திக் குவியம் கூட்டுக. பச்சைக் கட்டம் தோன்றியதும் குவியம் நிலைத்துவிடும். விரலை எடுக்காமல், சட்டத்தை வேண்டிய பக்கம் நகர்த்தி, பொத்தானை முழுவதும் அழுத்துக." படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: படம் மங்கிவிட்டால் என்ன சொல்வது, ஐயா? சுருதி தவறினால் என்ன சொல்கிறோமோ அதைத்தான் என்றேன். 'குவியம் தவறியது' என்று காவடிப் படங்களின் உறைமேல் எழுதிக்கொண்டார்.